அழாத பிள்ளைக்கு ஓர் ஊசி

ஜெயபுரம் முன்பள்ளிக் கொட்டிலின் மேசைமேல் ஒரு மட்டைப்பெட்டி இருந்தது. ஒரு செங்கல்லின் அளவு. விரல்நுனியில் குத்தி இரண்டொரு துளி இரத்தம் எடுப்பதற்கான சிறு ஊசிகள் அதற்குள் இருந்தன. ஒவ்வோர் ஊசியும் ஒரு தாளுறைக்குள், ஒவ்வோர் ஊசியும் ஒரேயொரு பிள்ளைக்கு. அது தொண்ணூற்றேழாம் ஆண்டின் புரட்டாதி மாதம். மாரி மழைக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன. மழை வந்தால் நுளம்பு வரும். நுளம்பு வந்தால் மலேரியா வரும். மலேரியா வந்தால் எந்தக் கொட்டிலில் எந்தத் தாய் ஒப்பாரி வைப்பாள் என்பதை எவரும் அறியார். ஆகவேதான் அந்தப் பிற்பகலில் கைப்பிள்ளைக்காரிகள் அத்தனை பேரும் அந்தச் சிறு பெட்டியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள்.

பெட்டிக்குப் பின்னால் நின்றவர் பாலன். நடமாடும் மருத்துவ வண்டியோடு கிழமைக்கு ஒருமுறை வரும் உதவி வைத்தியர். ஊர் அவரை டொக்டர் என்றே அழைத்தது. அவர் முன்னே இருந்தவர்களில் ஒரு பாதி போரால் முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு ஓடிவந்த கத்தோலிக்கர். மறுபாதி வட்டக்கச்சி வயல்களை விட்டு ஓடிவந்த சைவர். கடலை இழந்தவளும் வயலை இழந்தவளும் ஒரே கிணற்றில் வரிசையாய் நின்றார்கள்; நின்றபடியே சண்டையும் பிடித்தார்கள்.

“வவுனியாவில இருந்து வந்தது இவ்வளவுதான்,” என்றார் பாலன். “அடுத்தது எப்ப வருமெண்டு எனக்கும் தெரியாது, அனுப்புறவைக்கும் தெரியாது. இதை வைச்சு ஒண்டில் ஐஞ்சு வயசுக்குட்பட்ட எல்லாப் பிள்ளையளுக்கும் ஒருக்காக் குத்திப் பாக்கலாம். இல்லாட்டி, மாரி முடியுமட்டும் காய்ச்சல்காரப் பிள்ளையளுக்கு மட்டும் வைச்சிருக்கலாம். ரெண்டும் ஏலாது. நீங்கள்தான் சொல்ல வேணும்.”

“சுகமா ஓடித்திரியிற பிள்ளைக்கு என்னத்துக்குக் குத்துறது?” என்று கேட்டவள் இராசேஸ்வரி. வட்டக்கச்சிக்காரி, நாக்கில் எப்போதும் சாணை பிடித்த கத்தி வைத்திருப்பவள்.

“சுகமா இருக்கோ எண்டு பாக்கத்தான் அக்கா.”

“அப்ப எங்கட ஆம்பிளையளையும் ஒருக்காக் குத்திப் பாருங்கோ டொக்டர். வருத்தத்தில படுத்திருக்கினமோ, வேலைக்குப் பஞ்சிப்பட்டுப் படுத்திருக்கினமோ எண்டு நாங்களும் அறியலாம்.”

கொட்டில் சிரித்தது. பாலனும் சிரித்தார், ஆனால் பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

குடியிருப்புச் சங்கத் தலைவர் யோசெப் எழுந்து தொண்டையைச் செருமினார். “ஊசியை அவிச்செடுத்தால் திருப்பிப் பாவிக்கலாம்தானே?”

“பாவிச்சால், ஒரு பிள்ளையின்ர செங்கண்மாரிக் கிருமி பத்துப் பிள்ளைக்குப் போகும் யோசெப் அண்ணை. இதை நான் செய்யமாட்டன்.” பாலன் ஒரு வெள்ளைத் தாள்துண்டை எடுத்துக் காட்டினார். “ஒரு துளியைக் கண்ணாடியில தடவினால் மலேரியாக் கிருமி தெரியும். இன்னொரு துளியை இந்த மையொத்துற தாளில விட்டு, இந்தச் சிவப்பு நிற அட்டையோட வைச்சுப் பாத்தால் பிள்ளையின்ர உடம்பில ரத்தம் காணுமோ எண்டு தெரியும். ரத்தம் குறையிற பிள்ளைக்குக் காய்ச்சல் வராது. நோ வராது. அது சத்தம் போடாது. அதாலதான் எல்லாருக்கும் பாப்பம் எண்டுறன்.”

அப்போது எமில்டா எழுந்தாள்.

எழுந்தவளைக் கண்டதும் சிரிப்பு அடங்கியது; காரணத்தை அந்தக் கொட்டிலில் அனைவரும் அறிவர். சென்ற மாரியில் எமில்டாவின் மூத்த மகள் ஜெயரூபினி காய்ச்சலில் விழுந்தாள். அப்போது வேறொருவர் பொறுப்பிலிருந்த மருந்துக்கூடத்துக்குத் தாய் அவளைத் தோளில் சுமந்து சென்றாள். இரத்தத்தில் கிருமியைக் கண்டால்தான் குளிசை என்றார்கள். இரத்தம் எடுக்க ஊசி இல்லை என்றார்கள். ஊசி வந்தபோது குளிசை இருந்தது. குடிப்பதற்குப் பிள்ளை இல்லை.

“டொக்டர் சொல்லுறது படிச்ச கதை,” என்றாள் எமில்டா. குரல் உயரவில்லை; உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை. “நான் பட்ட கதையைச் சொல்லுறன். என்ர பிள்ளை நெருப்பாக் கொதிச்சுக்கொண்டு கிடந்தா. ஒரு ஊசி கேட்டன். ஒரேயொரு ஊசி. முடிஞ்சுபோச்சு எண்டிச்சினம். அதுக்கு முதல் அந்த ஊசியள் ஆருக்குப் போனது? சும்மா பாக்கிறதுக்கெண்டு போனது. ஓடித்திரிஞ்ச பிள்ளையளுக்குப் போனது. இந்த மாரியில இன்னொரு தாய் வந்து மேசைக்கு முன்னால நிப்பாள். அவளுக்கு நீங்கள் என்ன சொல்லப் போறியள்? சுகமான பிள்ளையளின்ர சுகத்தைப் பாத்து முடிச்சிட்டம், நீ போ எண்டோ? அழுத பிள்ளைக்குத்தான் பால். காய்ச்சல் காயிற பிள்ளைக்குத்தான் ஊசி. மற்றதெல்லாம் கதை.”

அவள் அமரவில்லை. நின்றபடியே கையை உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கை, அதற்குப் பின்னால் இன்னொன்று. கடற்கரைக் கைகளும் வயற்கைகளும் கிடுகுக் கூரையை நோக்கி எழுந்தன. யோசெப் எண்ணவே இல்லை. எண்ணத் தேவையில்லாத முடிவு அது. காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு மட்டுமே ஊசி. சபையின் சட்டம் அதுவே.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அழாத பிள்ளை என்ன குடிக்கும் என்பதை எவரும் கேட்டு வைக்கவில்லை. வீட்டிலும் இதுவே நீதி, நாட்டிலும் இதுவே நீதி: கூக்குரலிடுகிறவனுக்கு முதற் பந்தி, மௌனமாய் மெலிகிறவனுக்கு ‘நல்லவன்’ என்ற பட்டம்.

எமில்டாவின் காலடியில், கொட்டிலின் அரைச்சுவரில் சாய்ந்தபடி, அவள் மகன் டினோஜன் இருந்தான். மூன்று வயது. கூட்டம் தொடங்கியதிலிருந்து அவன் ஒருமுறைகூடச் சிணுங்கவில்லை. நல்ல பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவள் தலையைத் தடவினாள். அவனுடைய சிறு விரல் சுவரின் மண்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தது. சுரண்டிய விரல் வாய்க்குப் போயிற்று.

பெண்கள் எழுந்து சேலையை உதறிய வேளையில் இராசேஸ்வரியின் கண் அதில் விழுந்தது.

“இந்தா, பாருங்கோ. பள்ளிக்கூடத்தையும் தின்னத் தொடங்கிட்டான். எமில்டா, உன்ர பெடியன் போன கிழமை என்ர புது அடுப்பின்ர விளிம்பைக் கிள்ளித் திண்டிட்டான். மெழுகிக் காயமுதல் பாதி அடுப்பைக் காணேல்லை. உலையை நான் எங்க வைக்கிறது, அவன்ர வயித்திலயோ?”

மறுபடியும் சிரிப்பு. எமில்டாவின் முகம் சிவந்தது.

“என்ர பிள்ளை கண்ட மண்ணும் தின்னுறவனில்லை அக்கா. அவன் தின்னுறது மடு மாதாவின்ர மண்.”

அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து நின்றாள். ஆவணித் திருநாளுக்கு அவள் கணவன் கொலின்ஸ் காட்டுப்பாதையில் சைக்கிள் மிதித்து மடுவுக்குப் போய், கோயில் மண்ணைச் சிறு துணிப்பையில் கட்டி வந்திருந்தான். பாம்பு தீண்டாது, விஷம் ஏறாது, காய்ச்சல் அண்டாது என்று அம்மக்கள் காலங்காலமாய்க் கொண்ட நம்பிக்கை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், மறு பிள்ளைக்கு விடியற்காலையில் ஒரு சிட்டிகை மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். சில நாட்களில் பிள்ளை தானாகவே பையடிக்குப் போய்க் கைநீட்டினான். தானாகவே அவிழ்த்தான். மாதாவே பிள்ளையை அழைக்கிறாள் என்று எண்ணி எமில்டா அன்று முழந்தாளில் நின்று அழுதாள். அன்றிலிருந்து அவள் மனம் ஆறியிருந்தது. காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை, பிள்ளை புண்ணியத்தைத் தேடித் தேடித் தின்கிறான். இனி என்ன பயம்?

பாலன் மேசையை விட்டு வந்து டினோஜன் முன்னே குந்தினார்.

“எவ்வளவு நாளா இவர் மண் தின்னுறார்?”

“மண்ணில்லை டொக்டர். மாதாவின்ர—”

“விளங்குது தங்கச்சி. எவ்வளவு நாளா?”

“திருநாளுக்குப் பிறகுதான்…” எமில்டா நிறுத்தினாள். திருநாளுக்கு முன்பும், கிணற்றடி ஈரமண்ணில் அவன் வாய் வைத்ததை அவள் கண்டதுண்டு. “கொஞ்சம் முந்தியும்.”

பாலன் பிள்ளையின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம், கரையில் ஒதுங்கிய சிப்பியின் உட்புறம்போல வெளிறியிருந்தது. நகத்தை அழுத்திவிட்டார். அழுத்தியபோது எந்த நிறமோ, விட்டபோதும் அதே நிறம்.

“இவருக்கு இப்பவே குத்திப் பாக்க வேணும்.”

“அவனுக்குக் காய்ச்சல் இல்லை,” என்றாள் எமில்டா.

“ஓம். இல்லை.”

“அப்ப அவனுக்கு ஊசியும் இல்லை. இப்பத்தானே கை தூக்கினம்.”

கொட்டிலின் வாசலில் பெண்கள் நின்றுவிட்டார்கள். எவளோ ஒருத்தி, முகம் தெரியாமல், “தன்ர பிள்ளை எண்டவுடன சட்டம் மாறுமாக்கும்,” என்றாள். மெல்லத்தான் சொன்னாள். மெல்லச் சொல்லும் சொல்லே ஆழமாய்க் குத்தும்.

எமில்டா மகனைத் தூக்கித் தோளில் போட்டாள். “மாறாது. எல்லாப் பிள்ளையளுக்கும் இல்லாத ஊசி என்ர பிள்ளைக்கும் வேண்டாம். டொக்டர், கூட்டத்தில தோத்ததுக்கு என்ர பிள்ளையை வைச்சு வெல்லப் பாக்காதேங்கோ.”

“நான் வெல்லத் தேவையில்லை தங்கச்சி.” பாலன் எழுந்தார். “நீங்கள் தூக்கிக்கொண்டு போனால் நான் மறிக்கேலாது. நீங்கள்தான் தாய். ஆனால் இவர் தின்னுறது புண்ணியமில்லை. ரத்தம் வத்தின உடம்பு மண் கேக்கும். மண் தின்னத் தின்ன வயித்தில பூச்சி பெருகும். பூச்சி மிச்ச ரத்தத்தையும் குடிக்கும். அதுக்கு இது மாதாவின்ர மண், இது அடுப்பு மண் எண்டு தெரியாது.”

“மாதாவைப் பற்றிக் கதையாதேங்கோ.”

“மாதாவைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லை. பிள்ளையைப் பற்றித்தான் கதைக்கிறன்.”

அவள் திரும்பி நடந்தாள். பெண்கள் வழி விட்டார்கள். வாசற்கப்புத் தூணைக் கடந்து ஒரு காலை வெளியே வைத்தவள், அங்கேயே நின்றாள்.

ஒரு கொள்கைக்கும் ஒரு பிள்ளைக்கும் நடுவே ஒரு தாயை நிறுத்தாதீர்கள். நிறுத்தியவர் எவராயினும் அவர் நீதி கேட்கவில்லை, பலி கேட்கிறார். ஆனால் எமில்டாவை அங்கே நிறுத்தியவர் எவர்? மருத்துவர் இல்லை, சபை இல்லை. அவள் பட்ட துயரமே அவளை அங்கே நிறுத்தியது. இறந்த மகளுக்காக அவள் கேட்ட நீதி, உயிரோடு இருக்கும் மகனின் கையைப் பிடித்து வெளியே இழுத்தது.

வாசலில் அவளை நிற்க வைத்தது ஒரு துடிப்பு. தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் நெஞ்சு அவள் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அது அடித்துக்கொண்டிருந்தது, அலையை எதிர்த்து ஏறும் வள்ளத்தின் இயந்திரம்போல, நிறுத்தாமல், மூச்சுவிடாமல் அடித்தது. கூட்டம் முழுவதும் அவன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஓடாத பிள்ளைக்கு ஓடிவந்த பிள்ளையின் நெஞ்சடிப்பு எங்கிருந்து வந்தது? எத்தனை நாளாய் அது இப்படி அடிக்கிறது? அவள் ஒவ்வொரு நாளும் அவனைத் தூக்கினாள். ஒவ்வொரு நாளும் நெற்றியில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். நெற்றியைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

அவள் உள்ளே திரும்பி வந்தாள். மேசைக்கு முன்னால் நின்றாள். மருத்துவரைப் பார்க்கவில்லை, பெண்களைப் பார்த்தாள்.

“நான் சொன்னது பிழை,” என்றாள்.

மகனின் முதுகில் கையை வைத்தபடி தொடர்ந்தாள்.

“காய்ச்சல் இருந்தால்தான் வருத்தம் எண்டு நினைச்சன். இவன் அழுறேல்லை, அதால சுகமெண்டு நினைச்சன். மண் தின்னுறான், அதை வரம் எண்டு நினைச்சன். என்ர பிள்ளைக்கு மட்டும் ஊசி கேக்க எனக்கு வாயில்லை. கேக்கமாட்டன். ஒண்டு மட்டும் கேக்கிறன். இந்தக் கொட்டிலுக்குள்ள மண் தின்னுற பிள்ளை இவன் ஒருத்தன்தானோ? வேற ஆற்றையும் பிள்ளை தின்னுதோ? சுவர், அடுப்பு, கரி, எதெண்டாலும். சொல்லுங்கோ.”

காற்றில் கூரைமேல் விரித்த நீலப் படங்கு படபடத்தது. ஒவ்வொரு தாயும் அடுத்தவளின் முகத்தைப் பார்த்தாள். மண் தின்னும் பிள்ளை பட்டினி வீட்டுப் பிள்ளை என்பது வயற்காரரின் ஏளனம். வயலும் வண்டிலும் வைத்திருந்தவர்கள், அகதிக் கொட்டிலில் நின்றுகொண்டு, ஓம், என் பிள்ளை மண் தின்கிறது என்று எப்படிச் சொல்வார்கள்? கடற்கரைப் பெண்களுக்கோ, சொன்னால் மாதாவைக் குறை சொன்னதாகுமோ என்ற அச்சம். ஒரு பக்கம் மானம் வாயைப் பொத்தியது. மறுபக்கம் பக்தி வாயைப் பொத்தியது. நடுவில் பிள்ளைகள் மண்ணைத் தின்றன.

“ஒருத்தருமில்லையோ?” என்றாள் எமில்டா. “சரி. அப்ப இவன் ஒருத்தன்தான். சட்டம் சட்டமா இருக்கட்டும்.”

பாலன் பெட்டியைப் பார்த்தார், கை நீளவில்லை. பெட்டிக்குச் சபை வைத்த சட்டம் இருந்தது. அதை மீறினால் அடுத்த கிழமை இந்தக் கொட்டிலில் ஒரு தாயும் அவர் சொல்லை நம்பமாட்டாள்.

வாசலண்டையிலிருந்து ஒரு கை எழுந்தது. இராசேஸ்வரியின் கை.

“என்ர அடுப்பைத் திண்டது உன்ர பெடியன் மட்டுமில்லை,” என்றாள் அவள். நாக்கிலிருந்த கத்தி எங்கோ விழுந்திருந்தது. “என்ர சிவதர்சினியும்தான். நாலு வயசுப் பிள்ளை. அடிச்சும் பாத்தன், கையில வேப்பெண்ணெய் பூசியும் பாத்தன். விடுறாள் இல்லை. ஊர் சிரிக்குமெண்டு உன்ர பெடியன்ர தலையில போட்டன். கோவியாதை பிள்ளை.”

எமில்டா அவளைப் பார்த்தாள். கோபிக்க அவளுக்கு நேரமில்லை.

பிறகு மூலையில் ஒரு கை. பிறகு வாங்குப் பலகையில் இருந்த ஒருத்தியின் கை. சற்றுமுன் சட்டத்துக்காக எழுந்த கைகளைப்போல அவை நிமிர்ந்து எழவில்லை. தோளுக்குமேல் போகாமல், வெட்கப்பட்டு, பாதியில் நின்றன. ஆயினும் எழுந்தன.

பாலன் நெற்றியைத் துடைத்தார். “நான் எல்லாருக்கும் குத்துவம் எண்டன். நீங்கள் காய்ச்சலுக்கு மட்டும் எண்டியள். ரெண்டு பகுதியும் பிழை. குத்தமுதல் கேக்க வேணும், பாக்க வேணும். எல்லாப் பிள்ளையின்ர கண்ணிமையையும் நான் பாக்கிறன், அதுக்கு ஊசி தேவையில்லை. மண் தின்னுற பிள்ளை, இமை வெளிறின பிள்ளை, காய்ச்சல்காரப் பிள்ளை, இவைக்குக் குத்துவம். மற்றவைக்கு இப்ப வேண்டாம். மிச்சம் மாரிக்கு இருக்கட்டும். அது காணுமோ எண்டு என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. மறைக்காமல் சொல்லிப்போட்டன்.”

யோசெப் சபையைப் பார்த்தார். “என்ன சொல்லுறியள்?”

“கேட்டுக்கொண்டு நிக்காமல் பிள்ளையைக் குத்துங்கோ,” என்றாள் இராசேஸ்வரி.

தாளுறை கிழிந்தது. எமில்டா மகனை மடியில் இருத்தி, விரலை நீட்டிப் பிடித்தாள். ஊசி இறங்கியது. டினோஜன் ஊசியைப் பார்த்தான், மருத்துவரைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். அழவில்லை. கையை இழுக்கவும் இல்லை. இழுப்பதற்கும் அழுவதற்கும் வேண்டிய தெம்பு அந்த உடலில் இருக்கவில்லை என்பதைக் கொட்டில் முழுவதும் கண்டது. நல்ல பிள்ளை என்று இம்முறை எவளும் சொல்லவில்லை.

வெள்ளைத் தாளில் துளி விழுந்தது. காய்ந்ததும் பாலன் நிற அட்டையை அருகில் வைத்தார். அட்டையின் மேல்வரிசையில் செம்பரத்தம்பூவின் சிவப்பு. கீழே வர வர வெளிறல். டினோஜனின் துளி, கடைசிக் கட்டத்தையும் எட்டவில்லை. மீன் கழுவிய நீரின் நிறம் அது. கடற்கரையில் பிறந்த எமில்டாவுக்கு அந்த நிறத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

“ஆஸ்பத்திரிக்கு இப்பவே,” என்றார் பாலன். “ரத்தம் ஏத்த வேணும். கொலின்ஸ் எங்க?”

“கூலி வயலில.”

“ஆள் அனுப்பி நேர ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கோ. அவற்ற ரத்தம் தேவைப்படும்.”

யோசெப் தம் மோட்டார் சைக்கிளை உதைத்தார். பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடும் அந்த வண்டியை அவர் எவருக்கும் இரவல் கொடுத்ததில்லை, எவரையும் ஏற்றியதுமில்லை. அது மூன்றுமுறை இருமி, நாலாம் முறை புகை கக்கியது. எமில்டா தன் கொட்டிலுக்குள் ஓடி, ஒரு போர்வையை எடுத்தாள். எடுத்தவள், கப்புத் தூணில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கிய துணிப்பையைக் கண்டாள். அதைக் கழற்றினாள். எறியவில்லை. கண்ணில் ஒற்றி, கதிரைமேல் ஏறி, கூரையின் குறுக்குமரத்தில் இறுக்கிக் கட்டினாள்.

“அங்க இருந்து பாத்துக்கொள்ளு தாயே,” என்றாள். பிறகு ஓடினாள்.

கொலின்ஸின் இரத்தம் மகனுக்குப் பொருந்தியது. பூச்சி மருந்தும் இரும்புக் குளிசையுமாய்ப் பிள்ளை திரும்பி வந்தபோது மாரி தொடங்கியிருந்தது. ஜெயபுரத்தின் ஒழுங்கைகள் சேறாயின. முன்பள்ளிக் கொட்டிலில் காய்ச்சல்காரப் பிள்ளைகளின் வரிசை கிழமைக்குக் கிழமை நீண்டது. மேசைமேல் அதே பெட்டி. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அடித்தட்டு தெரிந்தது.

வரிசையின் கடைசியில் எமில்டா நின்றாள். அவள் முறை வந்தபோது, மகனை உட்காரவிடாமல் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

“இவனுக்கு இன்னொருக்காப் பாக்க வேணுமெண்டு சொன்னியள். மிச்சம் இருக்கோ? காய்ச்சல்காரப் பிள்ளையின்ர ஊசியெண்டால் வேண்டாம் டொக்டர். உண்மையாத்தான் கேக்கிறன்.”

“இண்டைக்கு வந்த எல்லாருக்கும் குத்தியாச்சு. இது இவற்ற ஊசி,” என்றார் பாலன். “நாளையான் கதையை நாளைக்குப் பாப்பம்.”

ஊசி விரலைத் தொட்டது.

டினோஜன் கத்தினான். கூரை அதிரக் கத்தினான். காலை உதறி மேசையை உதைத்தான். நிற அட்டை சேற்றில் விழுந்தது. “போடா! போடா கள்ளா!” என்று மருத்துவரைப் பார்த்து வீரிட்டான். துளி தாளில் சிவப்பாய்ப் பரவியது. பாலன் அட்டையைப் பொறுக்கித் துடைத்து அருகில் வைக்குமுன்பே, எமில்டா தாளைப் பார்த்துவிட்டாள்.

வாசலிலிருந்து இராசேஸ்வரி குரல் கொடுத்தாள். “எமில்டா, உன்ர மோன்ர சத்தம் பூநகரிக்கும் கேக்குது. வாயைப் பொத்து.”

“கத்தட்டும் அக்கா,” என்றாள் எமில்டா. அவள் பொத்தவில்லை.